பட்டிப்பளை ஆற்றை மறித்த சமுத்திரம்: இங்கினியாகலையும் அதன் தீவுகளும்

படகில் இருந்தபடியே காட்டு யானை நீந்துவதைப் பார்க்கக்கூடிய இடம் இலங்கையில் எது என்று கேட்டால், உல்லாசப் பயண வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சொல்வார்கள். அம்பாறை மாவட்டத்தில் இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரம்தான் அது. கல்லோயா தேசிய பூங்காவின் நடுவே கிடக்கும் இந்த நீர்த்தேக்கத்துக்கு வெளிநாட்டவர்கள் வருகிறார்கள். கொழும்பிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறை, மல்வத்தை ஊடாக அம்பாறை நகருக்குப் போய், அங்கிருந்து இன்னும் சுமார் 20 கிலோமீற்றர் போனால் அணைக்கட்டு வந்துவிடும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர்களுக்கு இது காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம். இருந்தும் நமது கரையோரத் தமிழ் ஊர்களில் இந்தத் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள் இருக்கிறார்களே தவிர, இந்தத் தண்ணீரை அது தேங்கி நிற்கும் இடத்தில் பார்த்தவர்கள் குறைவு. அதற்குக் காரணம் தூரம் அல்ல.

இது இயற்கையான ஏரி இல்லை. 1949 இல் வேலை தொடங்கி, 1950களின் முற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட செயற்கை நீர்த்தேக்கம். சுதந்திரத்துக்குப் பின்னர் இலங்கை அரசு கையில் எடுத்த முதலாவது பெரிய பல்நோக்குத் திட்டம் இதுதான். நீர்ப்பாசனம், மின்சாரம், வெள்ளக் கட்டுப்பாடு, குடியேற்றம் ஆகிய நான்கும் ஒரே திட்டத்துக்குள் அடக்கப்பட்டன. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை மாதிரியாக வைத்து 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாக்கப்பட்டது. அணையைக் கட்டும் ஒப்பந்தம் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டு பாறைக் குன்றுகளுக்கு இடையே ஆறு வெளியேறிய வாயிலை மண் அணையால் அடைத்தார்கள். அணையின் உயரம் ஏறத்தாழ 140 அடி. நீளம் ஏறத்தாழ 3,600 அடி.

குளம் நிரம்பி நிற்கும்போது அதன் கொள்ளளவு 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி. பரப்பு சுமார் 30 சதுர மைல். எண்களை இப்படிச் சொன்னால் பலருக்குப் பிடிபடாது. வன்னியில் உள்ளவர்கள் இரணைமடுவை நினைத்துக்கொள்ளலாம். இரணைமடு முழுமையாக நிரம்பினால் எவ்வளவு தண்ணீர் நிற்குமோ, அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் இங்கே நிற்கும். பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தைப் போல ஏழு மடங்கு. பின்னாளில் மகாவலித் திட்டத்தில் கட்டிய விக்டோரியா, ரந்தெனிகல ஆகியவையும் கொள்ளளவில் இதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. நாட்டின் முதலாவது பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயரைச் சூட்டி இதைச் சமுத்திரம் என்று அழைத்ததில் அளவைப் பொறுத்தவரை மிகைப்படுத்தல் இல்லை. அணையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. நீல மலைகள் தண்ணீரில் இருந்தே எழுவதுபோல் இருக்கும்.

அந்தத் தண்ணீரின் நடுவே சிறிதும் பெரிதுமாகத் தலைகாட்டும் தீவுகள்தான் இந்த இடத்தின் அழகு. அவை தீவுகளாகப் பிறந்தவை அல்ல. ஆற்றுப் பள்ளத்தாக்கில் நின்ற குன்றுகள். பள்ளத்தாக்கு மூழ்கியபோது உச்சி மட்டும் மிஞ்சியது. எனவே நீர்மட்டத்தைப் பொறுத்து இவற்றின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருக்கும். மாரி மழையில் குளம் நிரம்பும்போது சில தீவுகள் மறைந்துவிடும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து நீர்மட்டம் இறங்க இறங்க புதிய மேடுகள் வெளிவரும், சில தீவுகள் கரையோடு ஒட்டிவிடும். நீருக்குள் மூழ்கிச் செத்த மரங்களின் பட்டுப்போன கிளைகளும் அப்போது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காயும்.

யானைகள் ஏன் நீந்துகின்றன என்பதற்கும் விடை இந்த நீர்மட்டத்தில்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் காட்டுக்குள் புல் காய்ந்துபோகும். ஆனால் தண்ணீர் வற்றி விலகும் கரைகளிலும் தீவுகளிலும் ஈர மண்ணில் இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லைத் தேடித்தான் யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகின்றன. யானை இவ்வளவு பெரிய உடம்போடு மூழ்காதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மூழ்காது. யானையின் உடல் நன்றாக மிதக்கும். தும்பிக்கையை நீருக்கு மேலே தூக்கி மூச்சு விட்டுக்கொண்டு நால் காலாலும் உந்திப் போகும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு முதலில் ஒரு கறுத்தப் பாறையும் அதன் முன்னால் ஒரு குழாயும் நகர்வதுபோல் தெரியும். குட்டிகள் தாயின் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு நீந்தும். மார்ச் தொடக்கம் யூலை வரையான மாதங்கள் இதைப் பார்க்க ஏற்றவை என்று சொல்வார்கள். ஆனால் காடு காட்சிச்சாலை அல்ல. பார்க்காமலே திரும்புகிறவர்களும் உண்டு.

பறவைத் தீவு என்று ஒன்றைப் படகோட்டிகள் காட்டுவார்கள். பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் தீவு அது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அந்தத் தீவின் இரைச்சல் படகு இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கரையோரச் சேற்றில் முதலைகள் படுத்திருக்கும். வெண்வயிற்றுக் கடற்கழுகு தண்ணீரில் விழுந்து மீனோடு எழும்புவதையும் பார்க்கலாம்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு 1954 பெப்ரவரி 12 ஆம் திகதி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டயர். யானைகளுக்காக என்று பலர் நினைத்தாலும், காட்டைக் காத்ததன் முதல் நோக்கம் குளத்தைக் காப்பதுதான். மேட்டில் மரம் வெட்டினால் மண் கரைந்து வந்து குளத்தின் அடியில் படியும். மேற்கே நில்கல பக்கம் போனால் காட்டின் தோற்றமே மாறிவிடும். அடர்ந்த மரங்கள் நீங்கி உயரமான புல்வெளியும் இடையிடையே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களுமாக இருக்கும். திரிபலாச் சூரணத்தின் மூன்று காய்களும் ஒரே காட்டில் கிடைக்கும் இடம். புத்ததாச மன்னன் உண்டாக்கிய மூலிகைத் தோட்டம் அது என்பது அப்பகுதிச் சிங்கள மக்களின் நம்பிக்கை. இங்கினியாகல என்ற பெயரிலும் ஒரு மரம் இருக்கிறது. சிங்களத்தில் இங்கினி என்பது நமது தேற்றா மரம். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பார்களே, அதே மரம். நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் தேற்றா மரத்தின் பெயர் கொண்ட பாறையின் அடியில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் பொருத்தமான தற்செயல்.

ஆற்றின் பெயர்

கல் ஓயா என்றால் சிங்களத்தில் கல் ஆறு. ஊவா மலைகளில் பதுளைக்குக் கிழக்கே ஊற்றெடுத்து 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கல்முனைக்குத் தெற்கே வங்காள விரிகுடாவில் கலக்கும் இந்த ஆற்றைத் தமிழர்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்தார்கள். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் உள்ள பட்டிப்பளைப் பிரதேச செயலகப் பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திட்டம் வந்தபோது கல்லோயா என்ற பெயரே அரச ஆவணங்களில் நிலைத்தது. பிறகு தமிழ்ப் பத்திரிகைகளும் அதையே எழுதப் பழகிவிட்டன. இன்று அம்பாறை இளைஞர்களிடம் பட்டிப்பளை ஆறு எது என்று கேட்டால் பலர் திகைத்து நிற்பார்கள்.

மூழ்கிய பள்ளத்தாக்கு வெறுங்காடாக இருந்தது என்று சொல்வதும் சரியல்ல. வேடர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியதும் தேன் எடுத்ததும் இந்தக் காடுகளில்தான். 1911 இல் வெளியான செலிக்மன் தம்பதியினரின் வேடர்கள் பற்றிய நூலில் வரும் ஹெனெபெத்த, தானிகல ஆகிய இடங்கள் இந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. அணை எழுந்தபோது அவர்களது வேட்டை நிலங்களின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது. மிஞ்சியதில் பெரும்பகுதி தேசிய பூங்காவாகி, வேட்டையாடுவது குற்றமாயிற்று. இன்று ரத்துகல வேடர் கிராமம் உல்லாசப் பயணிகளின் நிகழ்ச்சிநிரலில் ஒரு தரிப்பிடம். காட்டுப் பாதையில் அழைத்துச் சென்று வில்லும் தேன் எடுக்கும் முறையும் காட்டுவார்கள். அந்தக் காடு ஏன் அவர்களுக்கு இல்லாமற் போனது என்பதையும் போகிறவர்கள் கேட்டால் நல்லது.

பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் வேவ்கம்பற்றில் பழைய சிங்களக் கிராமங்கள் இருந்தன. கீழ்ப்பகுதியில், கரையை ஒட்டி, தமிழரும் முஸ்லிம்களும் ஆற்று நீரைக் கொண்டு காலங்காலமாக நெல் செய்தார்கள். அப்போது இவை அனைத்தும் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1946 குடிசன மதிப்பீட்டில் அந்த மாவட்டத்தில் சிங்களவர் ஏறத்தாழ 6 வீதம். அணை கட்டியபின் இடதுகரை வாய்க்காலின் வழியே திறக்கப்பட்ட புதிய நிலங்களில் குடியேற்றக் கிராமங்கள் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கண்டி, கேகாலை போன்ற மாவட்டங்களிலிருந்து காணியில்லாத சிங்களக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கும் சில குடியேற்றங்கள் கொடுக்கப்பட்டன. வந்தவர்களில் அநேகர் ஏழைகள். ஊரில் ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்கள். மலேரியாவும் யானையும் உள்ள காட்டில் வந்து இறங்கியவர்களின் கஷ்டத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களைக் கொண்டுவந்த கொள்கையின் விளைவு மாவட்டத்தின் முகத்தையே மாற்றியது. 1961 இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் ஏறத்தாழ 39 வீதம், தமிழர் ஏறத்தாழ 17 வீதம்.

1949 டிசம்பரில் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடக்கத்திலேயே குடியேற்றப் பிரச்சினையைக் கையில் எடுத்ததற்குப் பட்டிப்பளைப் பள்ளத்தாக்கு ஒரு முக்கிய காரணம். 1956 ஆகஸ்டில் திருகோணமலை மாநாட்டில் அக்கட்சி முன்வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று, தமிழ் பேசும் பிரதேசங்களில் அரச குடியேற்றத்தை நிறுத்துவது. 1957 யூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தத்தில், குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பிராந்திய சபைகளுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அதே பந்தியில், கல்லோயா சபையின் நிர்வாகத்தில் உள்ள பகுதி குறித்துப் பின்னர் ஆராய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. அதை ஆராயும் நாள் வரவே இல்லை. ஒப்பந்தமே அடுத்த ஆண்டு கிழித்தெறியப்பட்டது.

1956 யூன்

இந்த நீர்த்தேக்கத்தைப் பற்றி எழுதும்போது 1956 யூனைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. யூன் 5 ஆம் திகதி சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அன்று காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தத் தீ கிழக்கே கல்லோயாப் பள்ளத்தாக்குக்குப் பரவியது. யூன் 11 தொடக்கம் ஏறத்தாழ ஐந்து நாட்கள், அபிவிருத்திச் சபையின் ஊழியர்களும் குடியேற்றவாசிகளும் அடங்கிய கும்பல்கள் அங்கு வேலை செய்த, குடியிருந்த தமிழர்களைத் தேடித் தேடித் தாக்கின. அரச வாகனங்களும் வெடிமருந்தும் அவர்கள் கையில் இருந்தன. பாறை உடைக்கவும் காடு வெட்டவும் கொண்டுவந்த பொருட்கள் அவை. தமிழர் படை ஒன்று திரண்டு வருகிறது என்பது போன்ற பொய் வதந்திகள் கிராமம் கிராமமாகப் பரப்பப்பட்டன. பொலிசும் இராணுவமும் தொடக்கத்தில் அசையவில்லை. பின்னரே நிலைமை கட்டுப்படுத்தப்பட்டது. கொல்லப்பட்டவர்கள் நூற்றைம்பது பேர் வரை என்பதே பரவலாக எடுத்தாளப்படும் எண். உயிர் தப்பியவர்கள் காட்டு வழியே மட்டக்களப்புப் பக்கம் ஓடினார்கள்.

1958 ஐ எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1977 ஐயும் 1983 ஐயும் சொல்லவே வேண்டியதில்லை. சுதந்திர இலங்கையில் தமிழருக்கு எதிரான முதலாவது பெரும் வன்செயல் இந்த அழகான குளத்தின் ஓரத்தில்தான் நடந்தது என்பதைத் தமிழர்களிலேயே பலர் மறந்துவிட்டார்கள். அப்போது பிழைத்தவர்களில் அநேகர் இன்று உயிரோடு இல்லை. தகப்பன் அணைக்கட்டில் வேலை செய்தார், ஒரு நாள் திரும்பி வரவில்லை என்ற அளவில் ஒரு பேச்சு சில குடும்பங்களில் இன்னும் மிஞ்சியிருக்கும். அதை யாராவது கேட்டு எழுதி வைக்க வேண்டும். இன்னும் சில ஆண்டுகள் போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

பின்னர் வந்த யுத்தம் பள்ளத்தாக்கின் எந்தப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. 1990 ஆகஸ்டில் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1999 செப்டெம்பரில் கோணகலையில் உறங்கிக்கொண்டிருந்த சிங்களக் கிராமவாசிகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் இங்கினியாகலைக்கு உல்லாசப் பயணம் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 2009 க்குப் பின்னரே படகுத்துறைக்கு மீண்டும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

தண்ணீர் வரும் வழி

குளத்தின் அழகைப் பேசுகிறவர்கள் அதன் வேலையைப் பேசுவதில்லை. இங்கினியாகலை மின் நிலையத்தின் உற்பத்தி 11 மெகாவொற் அளவில்தான். அந்தக் காலத்துக்கு அது பெரிது, இன்றைய கணக்கில் சிறியது. உண்மையான வேலை நெல்லில்தான் இருக்கிறது. அணையிலிருந்து இடதுகரை, வலதுகரை, ஆற்றுப்பிரிவு என மூன்று வழியாகத் தண்ணீர் போகிறது. அம்பாறைக் குளம், கொண்டவட்டவான் குளம் போன்ற பழைய குளங்களும் இதனோடு இணைக்கப்பட்டன. குடியேற்றக் கிராமங்கள் வாய்க்காலின் தலைப்பகுதியில். பழைய தமிழ், முஸ்லிம் ஊர்களின் வயல்வட்டைகளில் பல கடைக்கோடியில். வயல் செய்கிறவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. தலைமாட்டில் இருப்பவன் வக்கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நித்திரை கொண்டால், கடைசியில் இருப்பவனின் பயிர் குடலைப் பருவத்தில் காயும்.

1966 இல் திட்டத்தை மதிப்பிட அரசு ஒரு குழுவை அமைத்தது. கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் அதன் தலைவர். 1970 இல் வெளிவந்த அறிக்கை, செலவோடு ஒப்பிடும்போது கிடைத்த பயன் குறைவு என்று கண்டது. 1970களின் கடைசியில் நிலைமை இன்னும் மோசம். மதகுகள் உடைந்தும் வாய்க்கால்கள் புல் மண்டியும் கிடந்தன. கடைக்கோடிக்குத் தண்ணீர் போய்ச் சேரவே இல்லை. நாட்டின் மிகவும் சீர்குலைந்த நீர்ப்பாசனத் திட்டம் இதுதான் என்று அதிகாரிகளே சொன்னார்கள்.

அந்த நேரத்தில் நடந்த ஒரு விடயம் அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்க உதவியோடு இடதுகரையைப் புனரமைக்கும் வேலை தொடங்கியபோது, கொழும்பில் உள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வேலை தேடிக்கொண்டிருந்த இளம் பட்டதாரிகளை விவசாயிகளிடையே அனுப்பின. 1981 இன் தொடக்கம் அது. குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அந்தப் பஞ்சத்தில் விவசாயிகள் வாய்க்கால் வாரியாகச் சேர்ந்தார்கள். இருபது வருடம் மண்வெட்டி படாத வாய்க்கால்களைச் சிரமதானத்தில் வெட்டித் துப்புரவு செய்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே அனுப்பினார்கள். கீழே இருந்தவர்களில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு கடைப்பகுதித் தமிழருக்குத் தண்ணீர் விட்டதை கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரு தலைமுறைக்கு முன்னர் கொலை நடந்த அதே பள்ளத்தாக்கு. இரண்டு ஆண்டுகளில் 1983 வந்தது. இதை வைத்துக்கொண்டு இனப்பிரச்சினையே இல்லை என்று யாரும் வாதாட முடியாது. காணி யாருக்கு என்று கொழும்பில் தீர்மானிக்கப்பட்டபோது நடந்தது ஒன்று. தண்ணீர் யாருக்கு என்று வாய்க்கால் கட்டில் நின்றவர்களே பேசித் தீர்மானித்தபோது நடந்தது வேறொன்று. இந்த வித்தியாசம் கவனிக்கத்தக்கது.

இன்றைக்குக் கரையோர விவசாயிகளின் முறைப்பாடுகள் வேறு. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று ஆரம்பக் கூட்டத்தில் நடக்கும் இழுபறி ஒன்று. யானை இன்னொன்று. தீவில் புல் தின்னும்போது படம் எடுக்கப்படும் அதே விலங்கு, அறுவடைக் காலத்தில் வட்டைக்குள் இறங்கினால் ஒரு இரவில் ஒரு குடும்பத்தின் போகம் போய்விடும். காவல் பரணில் வெடியோடு விழித்திருக்கும் விவசாயிக்கு நீந்தும் யானை ஒரு காட்சிப் பொருள் அல்ல. உல்லாசப் பயணத்தால் வரும் பணத்தில் இவர்களுக்கு ஏதாவது சேருமா என்ற கேள்வி நியாயமானது.

போகிறவர்களுக்குச் சில விபரங்கள்

நீர்த்தேக்கத்தில் சொந்தப் படகை இறக்க முடியாது. இங்கினியாகலையில் உள்ள வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு எடுத்து, அங்குள்ள படகில்தான் போகலாம். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு. உள்நாட்டவர்கள் அடையாள அட்டையைக் கொண்டு போவது நல்லது. புலம்பெயர்ந்து வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் வெளிநாட்டவர் கட்டணத்தை எதிர்பார்த்துப் போக வேண்டும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். விடியற்காலையும் பின்னேரமும் நல்ல நேரங்கள். மத்தியான வெயிலில் யானைகள் காட்டு நிழலுக்குப் போய்விடும், படகில் கூரை இல்லாவிட்டால் நாமும் வெந்துபோவோம். பாதுகாப்பு அங்கியைக் கட்டாயம் அணிய வேண்டும். குளம் பார்க்க அமைதியாக இருந்தாலும் பின்னேரக் காற்றில் அலை எழும்பும். ஆழம் அதிகம். நவம்பர் தொடக்கம் சனவரி வரை கிழக்கில் மாரி என்பதால் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம். பொலித்தீன் பைகளைக் கரையில் எறிந்தால் யானை தின்றுவிடும். அம்பாறையில் குப்பை மேட்டில் மேய்ந்த யானைகள் பொலித்தீன் தின்று இறந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல.

நேரம் இருந்தால் படகோட்டியிடம் சொல்லி மேற்கே, ஆறு குளத்துக்குள் நுழையும் பக்கம் கேட்டுப் பாருங்கள். மகர என்ற இடத்தில் பாறைகளின் இடுக்கால் தண்ணீர் புகுந்து வரும். நீர்மட்டம் சரியாக இருந்தால் மட்டும் படகு அவ்வளவு தூரம் போகும். அங்கே குளம் முடிந்து ஆறு தொடங்குகிறது. திரும்பும்போது அணைக்கட்டில் சிறிது நேரம் நின்று கீழ்ப்பக்கமும் பார்க்கலாம். மதகிலிருந்து வெளியேறும் தண்ணீர் அங்கிருந்துதான் நமது வட்டைகளுக்கு வருகிறது.